பிறந்த தேதிக் கட்டம்

ரைஃபிள் கிளப் பதிவேட்டில் நாலாவது கட்டம்
பிறந்த தேதி.
பதினாறு வருஷமாக அதை நிரப்புவது என் கை.
பேர் தப்பினால் அடித்து எழுதலாம்
வீடு மாறினால் மேலே தாள் ஒட்டலாம்
இந்தக் கட்டத்தில் மட்டும்
மை காயும்வரை மூச்சுவிட மாட்டேன்.

மே கடைசியில்
லெஸ்டரிலிருந்து வந்தாள் அக்கா மகள் இவாஞ்சலின்.
வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி
என் மேசைமேல் ஒரு தாளை விரித்தாள்.
அவள் படம். அவள் பேர். அந்த ஊர் போலீஸ் கொடுத்தது.
"எனக்கு லைசென்ஸ் இருக்கு மாமா."
வயது பதினொன்று.
கடைவாயில் ஒரு பல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

வானத்தில் வீசுகிற களிமண் தட்டு
ஐம்பதுக்கு முப்பத்தெட்டு உடைப்பாளாம்.
ஆனால் தோட்டா வாங்கப் பதினெட்டு ஆகணும்.
பதினைந்து ஆகும்வரை
துப்பாக்கியைப் பிறந்தநாள் பரிசாய்க்கூட யாரும் தரக்கூடாது.
சுடும்போது பக்கத்தில்
இருபத்தொன்று நிரம்பிய ஒருவர்.
"அப்பா நிப்பார். ஃபோன் எடுக்க மாட்டார்.
அது சட்டத்துல இல்ல, அம்மா போட்டது."

எங்கள் விதியைச் சொன்னேன்:
பயிற்சிக்கே பன்னிரண்டு முடியணும்.
விரலை மடக்கி எண்ணினாள்.
"அம்பத்துமூணு நாள்."
திரும்பும் விமானத்துக்கோ ஆறே நாள்.

அதே தோள்தான். அதே ஆள்காட்டி விரல்தான்.
எந்தக் கடலுக்கு மேலே பறக்கையில்
இவள் சின்னப்பிள்ளை ஆனாள்?

"எழுதுறது நீதானடா" என்றாள் அக்கா போனில்.
ஆமாம் அக்கா, நான்தான்.
ஒரு எண்ணை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று
எனக்குத்தான் தெரியும்.
பதிவேட்டை மூடி
அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்தேன்.

சாயங்காலம் தமுக்கத்தில் பொருட்காட்சி.
டெல்லி அப்பளத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவில்
பலூன் சுடும் கடை.
ஐம்பது ரூபாய்க்குப் பத்துக் குண்டு.
ஒரு பையன் குழலை மடித்தான்
கன்னத்துக்குள் அடக்கியிருந்த ஈயக் குண்டுகளில்
ஒன்றைத் துப்பி உள்ளே திணித்தான்
எங்களைப் பார்த்தபடியே நீட்டினான்
அவனல்ல, துப்பாக்கி
எங்களைப் பார்த்தபடி.

ஒற்றை விரலால் அதைத் தரைப்பக்கம் தள்ளினாள் இவாஞ்சலின்.
"உன்கூட யார் நிக்கிறாங்க?"
அவனுக்குப் புரியவில்லை.
திரும்பிப் பார்த்தான்
பின்னால் பலூன்கள்தான் இருந்தன.

பேர் மாயக்கண்ணன். செல்லூர்.
வயசு? "ஆடி பொறந்தா பன்னெண்டு."
இவளுக்கும் ஆடிதான்.
கட்டம் இல்லாத இடத்தில்
இரண்டு தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"நீ முதல்ல இந்தப் பக்கம் வா" என்றாள்.
பலூன் பலகையிலிருந்து அவன் நகரும்வரை
குழல் தரையைவிட்டு எழவில்லை.
பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள்.
நான் நாற்பத்துநாலு வயதுக்காரன்
அவளுடைய பஞ்சுமிட்டாயைப் பிடித்துக்கொண்டு
பக்கத்தில் நின்றேன்.

முதல் குண்டு பலகையில். இரண்டாவதும்.
"முள்ளு கோணல் அக்கா.
மஞ்சள் வேணும்னா ஊதாவைப் பாரு."
மஞ்சள் வெடித்தது.
அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும்
அடுத்த நிறத்தைப் பார்த்தாள்.

எட்டோடு நிறுத்தி
மீதி இரண்டையும் நீட்டினாள்: "நீ சுடு."
"நான் சுட்டா முதலாளி
சம்பளத்துல பிடிப்பாரு" என்றான்.

குண்டு இரண்டையும் வாங்கி
மறுபடி கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு
குனிந்து
ஒரு மஞ்சள் பலூனை ஊத ஆரம்பித்தான்.